கவ்வாத்துக் கத்தியிலிருந்து ஒரு போத்தல் மை

நானே காய்ச்சிய மையில் கோடு போட்டு, சன்னல் கண்ணாடியில் நாற்பது நாள் ஒட்டி வைத்திருந்த காகிதத் துண்டை நேற்றுக் காலையில் கழற்றினேன். கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது. பாதியை அட்டையால் மறைத்து வைத்திருந்தேன். அட்டையை எடுத்துவிட்டுப் பார்த்தால் வெயில் பட்ட பாதி சற்றே பழுப்பேறியிருக்கிறது, அவ்வளவுதான். இனிமேல் தயக்கமில்லாமல் எழுதலாம். தேயிலையும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சி, அதே மையில் படமும் எழுத்துமாகப் பதினாறு பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் செய்து முடித்துவிட்டேன். மார்ச் முதல் வாரத்தில் தொடங்கிய வேலை ஆகஸ்ட்டில் முடிந்தது. ஐந்து முறை கலக்கியதில் நான்கு வீண்.

நான் இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். இப்போது ஹட்டனில் அம்மாவோடு வாடகை வீட்டில் இருக்கிறேன். பாடசாலையில் சித்திரம் கற்பிக்கிறேன். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான எங்கள் லயத்தைப் பற்றி ஒரு புத்தகம் செய்ய இரண்டு வருடமாக முயன்றுகொண்டிருந்தேன். கடையில் வாங்கிய கறுப்பு மையில் வரைந்தால் கூரைத் தகரமும் மழையும் அடுப்புப் புகையும் ஒரே கறுப்பாக நின்றன. எழுத்து வேறொரு கொப்பியில் கிடந்தது. படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் எழுத்து படத்துக்கு விளக்கம் சொல்லத் தொடங்கிவிடும். எழுதியதை வைத்துக்கொண்டு வரைந்தால் படம் பாடப்புத்தகப் படமாகிவிடும். ஏறக்குறைய அறுபது தாள்கள் இப்படிப் பெட்டிக்குள் போயின.

பிப்ரவரிக் கடைசியில் அம்மா டிரங்குப் பெட்டியைத் துப்புரவாக்கும்போது அப்பாவின் கவ்வாத்துக் கத்தியை எடுத்து மேசையில் வைத்தார். தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டும், நுனி வளைந்த கத்தி. கைப்பிடி அப்பாவின் பிடிக்குத் தேய்ந்திருந்தது. அதன் அடியில் என் வரைதாள் ஒன்று கிடந்ததை அவர் கவனிக்கவில்லை. இரவு என் கை பட்டுத் தேத்தண்ணீர் கவிழ்ந்தது. துடைத்துவிட்டோம் என்று நினைத்துப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் தாள் முழுக்கப் பழுப்பு; கத்தி கிடந்த இடத்தில் மட்டும் கருநீலத்தில் ஒரு பிறைக்கோடு. விரலால் தேய்த்தேன், போகவில்லை. ஈரத்துணியால் தேய்த்தேன், அப்போதும் போகவில்லை.

அம்மாவுக்கு அது புதுமையாகப் படவில்லை. "கவ்வாத்து நடக்கிற நாட்களில் உன் அப்பா கை இந்த நிறத்தில்தான் இருக்கும் பிள்ளை. தேசிக்காய் தேய்த்தால்தான் போகும்" என்றார். அந்தத் தேசிக்காய் பிறகு எனக்கு எவ்வளவு உதவப் போகிறது என்று அப்போது தெரியவில்லை.

தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. இது பழைய சங்கதிதான். துவர்ப்பான மாசிக்காயையும் இரும்பு உப்பான அன்னபேதியையும் பிசினில் கலந்தால் மை. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் இந்த வகை மையில்தான் எழுதினார்கள். இங்கிலாந்தில் பிறப்பு, திருமணப் பதிவேடுகளுக்கு நெடுங்காலம் இரும்பு மைதான். ஆங்கிலேயர் அந்த வழக்கத்தை ஆண்ட இடங்களுக்கும் கொண்டுபோனார்கள். அதை அறிந்தபோது அம்மாவின் டிரங்குப் பெட்டியை மறுபடி திறந்தேன். மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு எங்கள் ஆட்கள் ஒவ்வொரு காகிதத்தையும் உயிரைப்போல் பொத்தி வைத்தார்கள். தாத்தா பொத்தி வைத்த விண்ணப்பத் தாளில் அவருடைய பெயரை யாரோ ஒரு எழுத்தர் எழுதியிருக்கிறார். கறுப்பு பழுப்பாக இறங்கி, ஓரம் கசிந்து, எழுத்து மட்டும் அசையாமல் நிற்கிறது. எங்கள் பெயரை மற்றவர்கள்தான் அந்த மையில் எழுதி வந்திருக்கிறார்கள். இந்த முறை மையும் எங்கள் வீட்டிலிருந்து வரட்டும் என்று முடிவு செய்தேன்.

அன்னபேதி வாங்கியிருந்தால் வேலை ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். எனக்கு அந்தக் கத்தியின் இரும்பு வேண்டியிருந்தது. ஆனால் கத்தியைத் தொட முதலில் மனம் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பழைய மம்பட்டியிலிருந்து ஒரு தேக்கரண்டி துருவைச் சுரண்டி, 100 மில்லிலீற்றர் வினாகிரியில் போட்டு ஐந்து நாள் வைத்தேன். துரு செங்கல்பொடி போல அடியில் படிந்தது. அதைத் தேயிலைச் சாயத்தில் விட்டால் கலங்கிய சேற்றுநிறம் வந்தது. துரு ஏற்கெனவே எரிந்து முடிந்த இரும்பு. வினாகிரியில் இலகுவில் கரையாது. பச்சை இரும்பு, அதாவது துரு ஏறாத இரும்பு, வேண்டும்.

அடுத்து, கூரைத்தகரம் அடிக்கும் ஆணி பத்தை ஜாம் போத்தலில் போட்டேன். குமிழி நன்றாக வந்தது; எட்டு நாள் சந்தோஷமாகக் காத்திருந்தேன். சாயத்தில் விட்டபோது கறுக்கவே இல்லை, சாயம் இன்னும் வெளிறியது. எங்கள் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியர் ஆணியைக் கையில் வாங்கிப் பார்த்து, "இதற்கு மேலே நாகப் பூச்சு இருக்கிறது டீச்சர். அது கரைந்து தீரும்வரை இரும்பு வெளியே வராது" என்றார். மினுங்கும் ஆணி எதுவும் இந்த வேலைக்கு ஆகாது. பழைய, பூச்சில்லாத ஆணி கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியில் அம்மாவிடம் கேட்டேன். ஒரு நிபந்தனை போட்டார்: வாய்ப்பக்கம் கை வைக்கக் கூடாது, முதுகுப்பக்கம் மட்டும்தான். எட்டு அங்குலத் தட்டை அரம் ஒன்று வாங்கினேன். பழைய பத்திரிகையை விரித்து, கத்தியைத் துணி சுற்றிப் பலகையோடு இறுக்கி, நாற்பது நிமிடம் அராவினேன். சமையலறைத் தராசில் 9 கிராம் வந்தது. நுண்ணிய சாம்பல்நிறத் தூள், மூக்கில் போனால் தும்மல் நிற்காது. வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு அராவுவது நல்லது. 120 மில்லிலீற்றர் வினாகிரியில் போட்டு, மூடியைத் திருகாமல் சும்மா வைத்து, மேலே துணி கட்டினேன். வாயு கிளம்புவதால் இறுக மூடினால் போத்தல் வெடிக்கலாம்; அடுப்புப் பக்கத்திலும் வைக்கக் கூடாது. இரண்டாம் நாள் குமிழி, ஆறாம் நாள் இளம்பச்சைத் தண்ணீர், மேலே ஒரு செம்மஞ்சள் படலம். எங்கள் குளிரில் பத்து நாள் விட்டேன். பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து வடித்தேன்.

சாயத்துக்கு அம்மா முதலில் வீட்டுச் சக்கையைச் சேர்த்துக் கொடுத்தார். அதில் பலமில்லை. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கழியும் தூள் நன்றாக இருந்திருக்கும், ஆனால் கழிவுத் தேயிலையைக் கையாள அனுமதிப்பத்திரம் வேண்டும், ஆகவே அந்த யோசனையை விட்டேன். கடைத் தூள் 50 கிராமை அரை லீற்றர் தண்ணீரில் போட்டு, மெல்லிய தீயில் 150 மில்லிலீற்றராக வற்றும்வரை காய்ச்சினேன். வாயில் ஒரு துளி வைத்தால் நாக்கு சுருங்க வேண்டும். அதுதான் பதம்.

கலப்பதற்கு மருந்துக் கடையில் வாங்கிய 5 மில்லிலீற்றர் சிரிஞ்சு. பத்துப் பங்கு சாயத்துக்கு ஒரு பங்கு இரும்புத் தண்ணீர் விட்டபோது கிண்ணத்தில் ஊதா கலந்த சாம்பல் எழுந்தது. அந்த நிறத்தைப் பார்த்ததும் கை நிற்கவில்லை. இரண்டு, மூன்று என்று ஏற்றி ஐந்து பங்கு வரை விட்டேன். காகிதத்தில் அதுதான் எல்லாவற்றையும்விட ஆழமான கறுப்பாகத் தெரிந்தது. அன்று இரவே பதினொரு தாள் வரைந்தேன். மூன்றாம் வாரம் ஒவ்வொரு கோட்டைச் சுற்றியும் துரு நிறத்தில் ஒரு வளையம் கட்டியது. பதினொன்றும் போயிற்று. சாயம் பிடிக்கக்கூடியதைவிட அதிகமான இரும்பு காகிதத்தில் தங்கித் துருப்பிடிக்கிறது. அதே இரும்பு வருடக்கணக்கில் காகிதத்தையே தின்றுவிடும் என்றும் பிறகு அறிந்தேன். இசைமேதை பாக் கைப்பட எழுதிய தாள்களையே இந்த வகை மை அரித்திருக்கிறது. எந்தக் கலவையையும் அன்றைக்கே நம்பக் கூடாது. துண்டுக் காகிதத்தில் ஒரு கோடு போட்டு, அளவையும் தேதியையும் அதிலேயே எழுதி, மூன்று வாரம் பொறுக்க வேண்டும்.

தேயிலை மட்டும் போட்ட மையில் இன்னொரு குறை, கறுப்புக்குள் ஒரு பச்சை மங்கல் இருந்தது. அதைத் திருத்தியது கடுக்காய். ஹட்டனில் ஆயுர்வேத மருந்துக் கடையில், சிங்களத்தில் அரலு என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். கொட்டை நீக்கிய தோல் 30 கிராமை அம்மியில் நொறுக்கி, 300 மில்லிலீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, மூன்றில் ஒரு பங்காக வற்றவைத்தேன். மஞ்சள் தண்ணீர்தான். இரும்பு ஒரு துளி விழுந்ததும் இருண்டது. கடுக்காய் மட்டும் போட்டாலே கறுப்பு இன்னும் நன்றாக வரும், உண்மைதான். ஆனால் மை மெலிந்து ஓடும் ஓரங்களில் தேயிலை ஒரு பழுப்பைக் கொடுக்கிறது, காய்ந்த கொழுந்தின் நிறம். அதை விட மனமில்லை. கடைசியில் நிலைத்த அளவு: தேயிலைச் சாயம் 100, கடுக்காய்த் தண்ணீர் 50, இரும்புத் தண்ணீர் 25 மில்லிலீற்றர்.

பிசின் இல்லாமல் இந்த மை காகிதத்தில் வேர்விட்டு ஊறும். கருவேலம் பிசின் 6 கிராமை 20 மில்லிலீற்றர் வெந்நீரில் இரவு ஊறவிட்டுக் கலந்ததும் கோடு கோடாக நின்றது. ஜூலை மழையில் நான்காம் கலவையின் மேல் ஒன்பதாம் நாள் வெள்ளை ஆடை படர்ந்து நாறியது. 160 மில்லிலீற்றரைச் சாக்கடையில் ஊற்றினேன். ஐந்தாம் கலவைக்கு நான்கு கராம்பு போட்டு, 30 மில்லிலீற்றர் குப்பிகளில் வாய்வரை நிரப்பினேன். ஆடை வரவில்லை.

பேனாவைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. இரும்பு முள்ளுப் பேனா இந்த மையில் இரண்டு வாரத்தில் அரித்துப்போனது. மழைக்கு நனையாமல் அம்மா அடுப்படியில் அடுக்கி வைத்திருந்த மிலாறுக் கட்டிலிருந்து பென்சில் தடிப்பில் ஒரு குச்சியை உருவினேன். கவ்வாத்தில் வெட்டுப்பட்ட தேயிலைக் கிளை, பதினைந்து சென்ரிமீற்றர் நீளம். இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்தேன். ஒரு முனையைச் சுத்தியலால் மெல்லத் தட்டி நாராக்கினேன், தூரிகை போல. மறுமுனையைச் சாய்வாகச் சீவி நடுவில் கீறலிட்டேன், பேனா முள் போல. வேறு குச்சி செய்யச் சோம்பல்பட்டுத்தான் இரண்டு முனையையும் ஒரே குச்சியில் செய்தேன்.

இரண்டு வருடமாக நான் தேடிய வழி அந்தக் குச்சியில் இருந்தது. வரைந்துகொண்டிருக்கும்போது ஒரு சொல் வந்தால் குச்சியைத் திருப்பினால் போதும். கொப்பி தேட வேண்டாம், மேசை மாற வேண்டாம். சொல் தீர்ந்ததும் மறுபடி திருப்பினால் படம். விரலில் இரண்டு பக்கமும் மை. லயத்தின் கூரைக்கோட்டை இழுத்துக்கொண்டே போய், கை நிற்காமல், அதே இழுப்பில் "ழ" என்று எழுதிய இடம் ஒன்று ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறது. மழை என்று எழுதத்தான் போனேன். ம-வை எழுதவே இல்லை, கூரையே அதற்கு முன்னால் வந்துவிட்டது. அதை நான் திருத்தவில்லை.

புதிதாகக் கலந்த மை காகிதத்தில் படும்போது வெளிறிய சாம்பல்தான். பத்து நிமிடத்தில் கறுக்கத் தொடங்கும், முழுக் கறுப்பு மறுநாள் காலையில்தான் தெரியும். அதனால் வரையும்போது எது அழுத்தம், எது மென்மை என்று கண் சொல்லாது. கையின் ஞாபகத்தை நம்பித்தான் போக வேண்டும். கடை மையில் நான் ஒவ்வொரு கோட்டையும் போட்ட கணமே எடைபோட்டுக்கொண்டிருந்தேன். பிடிக்காவிட்டால் தாளைக் கசக்கிவிடுவேன். இந்த மையில் அதற்கு வழியில்லை. இரவு எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டுப் போவேன். விடியற்காலை ஐந்தரைக்கு, அம்மா அடுப்பு மூட்டும்போது, தாளைப் பார்ப்பேன். உறுதி என்று நினைத்த கோடுகள் மெலிந்திருக்கும். குச்சி தயங்கி நின்ற இடத்தில் மை குளம்கட்டி, அதுதான் பக்கத்தின் கனத்த இடமாக ஆகியிருக்கும். என் தயக்கம் எங்கே இருந்தது என்பதைத் தாள் எனக்குக் காட்டியது. மூன்றாம் பக்கத்தில் அந்தக் குளம் அப்பாவின் கட்டிலுக்கு நேரே விழுந்திருக்கிறது.

ஏழாம் பக்கத்தில் லயத்தின் பத்துக் காம்பராக்களும், அதாவது அறைகளும், வரிசையாக இருக்கின்றன. பத்துக் கதவு, பத்துப் படி. நான்காவது எங்களுடையது. அந்தக் கதவை மட்டும் வரையாமல் வெறுமையாக விட்டு, அதற்குள் எழுதலாம் என்று எண்ணினேன். நான்கு வரி எழுதினேன்: கதவு எப்படி இருந்தது, பலகை எப்படி வெடித்திருந்தது என்று. காலையில் அம்மா தாளைச் சன்னலுக்குக் கொண்டுபோய், விரலால் கதவுகளை எண்ணிக்கொண்டே வந்தார். மூன்றாவதில் நின்றார். "இங்கே அம்மி கிடக்கும். மீனாட்சி அக்கா அரைத்துக்கொண்டே பிரட்டுச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பாள்." பிரட்டு என்றால் வேலைக்கு ஆட்களைக் கூட்டும் காலை அழைப்பு. ஆறாவதில், "இந்தக் கதவு மூடியதே இல்லை, தாழ்ப்பாள் கிடையாது." நான்காவதைத் தாண்டியபோது என் நான்கு வரியை அவர் வாசிக்கவே இல்லை. கதவு இருந்த விதம் அவருக்குத் தெரியும். படத்தில் அது தெரிகிறது. பிறகு எழுத்துக்கு அங்கே என்ன வேலை? தேசிக்காயை வெட்டி, அந்த நான்கு வரியையும் பஞ்சால் ஒற்றி எடுத்தேன். வெளிறிய மஞ்சள் நிழல் மட்டும் மிஞ்சியது. மேலே அம்மா சொன்னதை எழுதினேன்.

அதற்குப் பிறகு மற்றப் பக்கங்களுக்கும் அதுதான் முறை. முதலில் படம், ஒரு இரவு கறுக்கட்டும். காலையில் அம்மா பார்க்கட்டும். படத்தில் இல்லாத ஒன்றை யாராவது சொன்னால் மட்டும் குச்சியைத் திருப்புவது. பதினாறு பக்கத்துக்கும் சேர்த்து எழுத்து ஒன்றரைக் கொப்பித் தாள் அளவுதான் வந்தது. முன்பு நான் எழுதி வைத்திருந்தது நாற்பது தாள்.

தேசிக்காய்ச் சாறு அழிப்பதற்கு மட்டுமில்லை. பதினோராம் பக்கத்தில் மலையை முழுக்க இருட்டாகத் தீட்டி, காய்ந்ததும், ஈர்க்குச்சியைச் சாற்றில் தோய்த்து மேலிருந்து கீழாக இழுத்தேன். குச்சி போன வழியெல்லாம் கறுப்பு கரைந்து மழை இறங்கியது. கடை மையில் இத்தனை வருடம் வராத மழை அது. கண்ணெதிரே, ஒரு நிமிடத்துக்குள். பாடசாலையில் பிள்ளைகளுக்குக் காட்டினேன். அன்று மணி அடித்தும் யாரும் எழுந்து போகவில்லை.

காகிதத்துக்கு ஏ3 அளவில், சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள நீர்வண்ணத் தாள். ஒரு தாளை இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் மடித்தால் எட்டுப் பக்கம். இரண்டு தாளில் பதினாறு. மூன்று தாள் பழுதாயிற்று. பாடசாலைக் கொப்பித் தாளிலும் முயன்றேன், மை மறுபக்கம் ஊறிவிட்டது. கட்டுவதற்கு மூன்று துளை, மெழுகு தடவிய தையல் நூல்.

செலவு: தாள் ஐந்து 1,600 ரூபாய், அரம் 850, வினாகிரி இரண்டு போத்தல் 560, தேயிலைத் தூள் 200 கிராம் 480, பிசின் 400, கடுக்காய் 180, சிரிஞ்சு மூன்று 120, கராம்பு 60. மொத்தம் 4,250. அரம் இனி எப்போதும் இருக்கும், பிசினில் முக்கால்வாசி மிச்சம்.

அடுத்த முறை சிலவற்றை மாற்றுவேன். தேசிக்காய் பட்ட இடத்தை உடனே ஈரப்பஞ்சால் இரண்டு முறை ஒற்ற வேண்டும். நான் ஒற்றாததால் பதினோராம் பக்கத்தில் தாளின் மேற்பரப்பு பஞ்சு போல் எழும்பியிருக்கிறது. மூன்று வாரச் சோதனைத் துண்டு இல்லாமல் ஒரு தாளையும் தொட மாட்டேன். கராம்பை முதல் நாளே போடுவேன். இரும்புத் தண்ணீரை இன்னும் குறைத்து, பதினைந்து மில்லிலீற்றரில் தொடங்கிப் பார்ப்பேன். கறுப்பு சற்றுக் குறைந்தாலும் தாள் நெடுநாள் நிற்கும்.

கத்தியை இனி அராவப் போவதில்லை. முதுகில் ஓரிடம் பளிச்சென்று பள்ளமாகிவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவி, துணி சுற்றி அம்மா அதை மறுபடி டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டார்.

எங்கள் லயத்தில் இருந்தவர்கள் பலர் 7 பேர்ச் (ஏறக்குறைய 177 சதுர மீற்றர்) காணியில் கட்டிய தனி வீடுகளுக்குப் போய்விட்டார்கள். புத்தகத்தைக் காட்டப் போனபோது ஆறாம் காம்பராவில் இருந்த அண்ணன், கூரை போன தன் பழைய காம்பராவின் கதவிலிருந்து கழற்றிய கீல் இரண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். பூச்சில்லாத பழைய இரும்பு. அம்மா பத்துக் கதவுக்கும் ஆட்களின் பெயரைச் சொல்லச் சொல்ல எழுத வேண்டும் என்கிறார். எண்பது பெயருக்கு மேல் வரும், குறைந்தது 200 மில்லிலீற்றர் மை வேண்டும். இன்று காலை ஒரு கீலில் 6 கிராம் அராவி வினாகிரியில் போட்டிருக்கிறேன். இதை எழுதி முடிக்கும்போது முதல் குமிழிகள் ஏறிக்கொண்டிருக்கின்றன.